சம்பளம் நின்ற பிறகு அம்பத்தூரில் ஒரு ஷெட்

2019 செப்டம்பரில் எனக்கு வேலை போனது. கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் இருந்தேன், அதில் கடைசி ஆறு வருடம் சப்ளையர் குவாலிட்டி, அதாவது வெளியிலிருந்து எங்களுக்குப் பாகம் செய்து தருகிறவர்களின் தரத்தைச் சோதிக்கும் வேலை. அந்த வருடம் கார், லாரி விற்பனை நாடு முழுக்கப் படுத்துவிட்டது. சென்னையைச் சுற்றியிருந்த ஆலைகள் மாதத்தில் சில நாட்கள் உற்பத்தியையே நிறுத்தி வைத்தன. எங்களுக்கும் வரும் என்று தெரியும், ஆனால் எனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். இருபது நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்கார வேண்டி வரலாம். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளை தருகிறேன்" என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கிராஜுவிட்டி எவ்வளவு, மீதமுள்ள லீவுக்கு என்ன, ரிலீவிங் லெட்டர் எப்போது, இது எல்லாவற்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். கிராஜுவிட்டி கணக்கு அப்போது ரொம்ப எளிதாக இருந்தது: கடைசி அடிப்படைச் சம்பளத்தை, பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். என் அடிப்படை 42,000, பதினான்கு வருடத்துக்கு 3,39,000 சொச்சம் வந்தது. அவர்கள் முதலில் அனுப்பிய தாளில் பதின்மூன்று வருடம் என்று இருந்தது, சேர்ந்த தேதியைக் காட்டித் திருத்தி வாங்கினேன். இன்னொன்று மருத்துவக் காப்பீடு. கம்பெனி குரூப் பாலிசி கடைசி நாளோடு முடிந்துவிடும், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் வெளியே வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருந்தன. புதிதாக எடுத்த பாலிசியில் அவற்றுக்குக் காத்திருப்புக் காலம் போட்டுவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

அப்போது எனக்கு வயது 43. வீட்டுக் கடன் மாதம் 27,400. மகள் ஒன்பதாம் வகுப்பு. மனைவிக்குத் தனியார் பள்ளியில் 18,000 சம்பளம். அன்று இரவு அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, ஒரு நோட்டை எடுத்து வந்து, "மாசம் நமக்கு எவ்வளவு ஆகுதுன்னு முதல்ல எழுதுவோம்" என்றாள். ஒன்றரை மணி நேரம் எழுதினோம். பால், கரண்ட், பள்ளிக் கட்டணம், அம்மா மாத்திரை, கடன் தவணை, எல்லாம் சேர்த்து 58,000. அவள் சம்பளம் போக 40,000 தேவை. கையில் வரப்போவதும் இருப்பதும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம். அதில் 7,20,000-ஐ, அதாவது பதினெட்டு மாத வீட்டுச் செலவை, அவள் பெயரில் டெபாசிட்டில் போட்டோம். தொழில் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது என்று பேச்சு. பி.எஃப். பணத்தை, வேலை போய் ஒரு மாதம் ஆனால் முக்கால் பங்கு எடுக்கலாம் என்று அப்போது விதி இருந்தும், எடுக்கவில்லை. மிச்சம் ஐந்து லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. தொழிலுக்கு அவ்வளவுதான்.

நான் எடுத்த முடிவுகளில் சரியான முடிவு எது என்று கேட்டால் இந்தப் பிரிப்பைத்தான் சொல்வேன். என்னோடு அதே வாரம் வெளியே வந்த நண்பர் ஒருவர் கையில் வந்த மொத்தத்தையும் ஒரு டீக்கடை பிராஞ்சைஸில் போட்டார். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. ஆறு மாதம் கடை மெதுவாகத்தான் ஓடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது, ஆனால் அந்த ஆறு மாதம் வீடு எதில் ஓடும் என்று எழுதி வைக்கவில்லை.

என்ன தொழில் என்பதில் ஆளாளுக்கு ஒரு யோசனை. மரச்செக்கு எண்ணெய் என்றார் மைத்துனர், ஆர்கானிக் கடை என்றார் அபார்ட்மென்ட் செகரட்டரி. எனக்கு எண்ணெயைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு பொருள் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆறு வருடம் சப்ளையர்களின் ஷெட்டுகளில் போய் அவர்களுடைய கேஜ் (அளவு சரியா என்று பார்க்கும் கருவி), ஃபிக்ஸ்சர் (சோதிக்கும்போது பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் சாதனம்) எல்லாவற்றையும் சோதித்திருக்கிறேன். எது ஏன் தப்பாகிறது, எந்த ஆலை எப்படிப்பட்ட கேஜுக்குத் தவிக்கிறது, இதெல்லாம் கைரேகை மாதிரி தெரியும். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் கேஜும் ஃபிக்ஸ்சரும் செய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் முந்நூறு சதுர அடி ஷெட், வாடகை 9,000.

மெஷின் எதுவும் வாங்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து வந்தவர்களுக்கு, தொழில் என்றால் முதலில் ஒரு மெஷின் நிற்க வேண்டும், அதற்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் 2019 கடைசியில் எஸ்டேட்டில் பாதி மெஷின்கள் வேலை இல்லாமல் சும்மா நின்றன. லேத் ஒருவரிடம், மில்லிங் இன்னொருவரிடம், எஃகைச் சூடாக்கிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பக்கத்துப் பகுதியான பாடியில், கிரைண்டிங் அடுத்த தெருவில் என்று எல்லாவற்றையும் ஜாப் ஒர்க்காகக் கொடுத்தேன். என் ஷெட்டில் இருந்தது பொருளை வைத்து அளக்க ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் (துல்லியமான சமதளக் கல்), ஒரு ஹைட் கேஜ், நாலைந்து மைக்ரோமீட்டர், டிராயிங் போட ஒரு கம்ப்யூட்டர். மொத்தம் 1,70,000. மூன்று மாதம் கழித்து 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது நான் பிழைத்தது இதனால்தான். பக்கத்து ஷெட்காரர் புது வி.எம்.சி.க்கு, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷினுக்கு, மாதம் 62,000 தவணை கட்டிக்கொண்டிருந்தார், நான் 9,000 வாடகைக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று இருந்தது. தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி ஆறு மாதம் அனுமதி கொடுத்தது உண்மை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் முகம் அந்த மாதங்களில் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

முதல் ஆர்டர் பன்னிரண்டு பிளக் கேஜ், 50 மில்லிமீட்டர். ஓட்டைக்குள் ஒரு முனை போக வேண்டும், மறு முனை போகக் கூடாது, அவ்வளவுதான் வேலை, ஆனால் அந்த முனைகளின் அளவில் பிசகு சில மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டெலிவரி நாள் நெருங்கிவிட்டது. கிரைண்டிங்கிலிருந்து ஒவ்வொன்றாக வர வர நானே மைக்ரோமீட்டரில் அளந்து, சரி, சரி என்று டிக் போட்டு, அளவைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் கேலிப்ரேஷன் லேபுக்கு அனுப்பினேன். பன்னிரண்டில் ஒன்பது ரிஜெக்ட். எல்லாம் இருக்க வேண்டிய அளவைவிட எட்டு மைக்ரான் போலக் குறைவு. எனக்குக் கை நடுங்கியது. கிரைண்டிங் பார்த்த பெரியவர், அறுபது வயதைத் தாண்டியவர், ஒரு பீஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அப்போதுதான் மெஷினிலிருந்து வந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. "சூடா இருக்கும்போது அளந்தா அது உண்மை சொல்லாது சார். பிளேட் மேல வச்சிட்டு, சாப்பிட்டு வந்து அளங்க" என்றார்.

எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பதினொன்றரை மைக்ரான் விரியும். பீஸ் மைக்ரோமீட்டரைவிட பதினைந்து டிகிரி சூடாக இருந்தால் 50 மில்லிமீட்டரில் எட்டு மைக்ரானுக்குப் பக்கம் வந்துவிடும். அளவு என்றாலே 20 டிகிரியில் எடுத்த அளவு என்பது உலகம் முழுக்க உள்ள விதி, அதை நான் எத்தனையோ சப்ளையர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் என் பணம், என் தேதி என்று வந்தபோது ஒரு மணி நேரம் காத்திருக்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்பதையும் திரும்பச் செய்தேன். அதற்கப்புறம் எங்கள் ஷெட்டில், கிரைண்டிங்கிலிருந்து வந்த பீஸ் ஒரு இரவு பிளேட்டில் கிடக்காமல் அளப்பதில்லை.

அந்த ஆர்டரில் விலையும் தப்பு. ஒரு கேஜுக்கு 2,600 சொல்லியிருந்தேன். மெட்டீரியல் 420, டர்னிங் 250, ஹீட் ட்ரீட்மென்ட் 180, கிரைண்டிங்கும் லேப்பிங்கும் 900, லேப் சான்றிதழ் 450, வண்டிச் செலவு 100, ஆக 2,300. மிச்சம் 300 லாபம் என்று நினைத்தேன். அந்த 300-க்குள் என் வாடகையும் இல்லை, நான் டிராயிங் போட்ட இரண்டு நாளும் இல்லை, ரிஜெக்ட் ஆனால் யார் கொடுப்பது என்பதும் இல்லை. சம்பளத்தில் இருக்கும்போது நம் நேரத்துக்கு யாரோ பணம் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் அதை ஒரு செலவாகவே மனம் பார்ப்பதில்லை. இப்போது விலை போடும்போது முதல் வரியில் என் நேரத்தை எழுதுகிறேன், ஒரு மணிக்கு இவ்வளவு என்று. அப்புறம்தான் இரும்பு. இந்த முறைக்கு மாறிய பிறகு பாதி ஆர்டர் கை நழுவிப் போனது, ஆனால் கைக்கு வந்த பாதியில் மாதம் ஓடியது.

சரி, இப்போது பணம் வசூலாவதைப் பற்றி. என்னிடம் யாராவது தொழில் தொடங்குவது பற்றிக் கேட்டால் நான் அதிக நேரம் பேசுவது இதைத்தான்.

2021 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஒரு பெரிய கம்பெனிக்கு ஃபிக்ஸ்சர் செட் அனுப்பினேன். பில் 4,20,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 75,600. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் ஒன்றை மறந்திருந்தேன். பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று அரசு கேட்பதில்லை. வாங்கிய பொருளுக்கு நான் கொடுத்த வரி 31,000-ஐக் கழித்தாலும் 44,600 கட்ட வேண்டும். தாமதித்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. மெட்டீரியல்காரர்களுக்கும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் கொடுத்ததில் கை காலி. மனைவியின் வளையல் இரண்டை, நாலு பவுன், அடகு வைத்துத்தான் வரி கட்டினேன். கழற்றிக் கொடுத்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளுத்து, ஒரு கோடு மாதிரி தெரிந்தது. பார்க்க முடியாமல் நான் சட்டை மாட்டுவது போல் திரும்பிக்கொண்டேன்.

அறுபது நாளில் பணம் என்று ஆர்டரில் எழுதியிருந்தது. அறுபது போய், தொண்ணூறு போனது. நேரில் போனேன். செக்யூரிட்டி கேட் பக்கத்தில் வெண்டர்கள் உட்கார ஒரு நீளமான ஸ்டீல் பெஞ்சு. என் பழைய கம்பெனியிலும் அதே மாதிரி ஒன்று உண்டு, சுவரில் கடிகாரம், பக்கத்தில் வாட்டர் கேன். நான் அந்தப் பெஞ்சைத் தினமும் தாண்டிப் போனவன், அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. இரண்டே கால் மணி நேரம். ஏதோ ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ஒரு கையெழுத்து குறைகிறது, அதனால் பில் சிஸ்டத்தில் ஏறவில்லை என்றார்கள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது, ஏனென்றால் அந்தக் கையெழுத்தைப் போடும் வேலையில்தான் நான் ஆறு வருடம் இருந்தேன். ஒரு தாள் குறைகிறது என்று எத்தனையோ பில்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்தத் தாளுக்குப் பின்னால் யாராவது வளையல் கழற்றியிருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பணம் வந்தது ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். 138 நாள்.

அந்த வாரமே பாடியில் இருக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்காரரைப் போய்ப் பார்த்தேன். பழைய வேலையில் அவர் பில்லையும் நான் நிறுத்தி வைத்ததுண்டு. ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் எனக்குக் கடனில் வேலை செய்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அப்ப நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு டீ சொன்னார்.

அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவை, பொருளை அனுப்புவதற்கு முன்பே, தொழில் தொடங்கும்போதே செய்துவிடுங்கள். ஆன்லைனில் ஆதாரும் பானும் வைத்து இலவசமாகச் செய்யலாம், பணம் கேட்கும் ஏஜென்ட் வேண்டாம். அந்த எண்ணைப் பில்லில், ஆர்டர் ஒப்புதல் கடிதத்தில், மெயில் கையெழுத்தில் எல்லாம் போடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அறுபது நாள் என்று ஆர்டரில் எழுதி நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் உச்ச வரம்பு 45-தான், இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. புகார் செய்ய சமாதான் என்ற அரசு இணையதளம் இருந்தது. நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் அங்கே போனேன், இனிமேல் அவர்களோடு வியாபாரம் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு. ஓடிக்கொண்டிருக்கும் உறவில் அதைக் கையில் எடுத்தால் அடுத்த ஆர்டர் வராது, இதுதான் நடைமுறை.

அதைவிட எனக்கு உதவியது அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 2023 பட்ஜெட்டில் சேர்த்த 43பி(எச்) என்ற பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்துக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கிய கம்பெனி அந்தச் செலவை அந்த வருட வரிக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வாடிக்கையாளர்களின் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து அவர்களாகவே போன் செய்து உத்யம் சான்றிதழ் கேட்டார்கள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக மார்ச் மாதம் 31-ஆம் தேதி என் நிலுவை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது.

சின்ன வழக்கங்கள் சிலவும் உண்டு. மாதக் கடைசியில் தயாராகும் பொருளை, வாடிக்கையாளருக்கு அவசரம் இல்லையென்றால், 1-ஆம் தேதி பில் போட்டு அனுப்புகிறேன், வரி கட்ட ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரே வாடிக்கையாளரிடம் என் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை. ஃபிக்ஸ்சர் ஆர்டருக்கு மெட்டீரியல் விலையை முன்பணமாகக் கேட்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் பத்தில் ஆறு பேர் கொடுத்துவிட்டார்கள், கேட்காத காலத்தில் பத்து பேரும் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை வேறு வேலை கிடையாது, பணத்துக்குப் போன் செய்வது மட்டும்தான். பேசிய ஆளின் பெயர், அவர் சொன்ன தேதி இரண்டையும் மனைவி அன்று எடுத்து வந்த அதே நோட்டில், பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.

அரசுக் கடன் பற்றி ஒரு வார்த்தை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., மானியத்தோடு வரும் கடன், அதற்கு உச்ச வயது வரம்பு இல்லை, என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது முக்கியம். ஆனால் அது புது யூனிட்டுகளுக்கு மட்டும். நான் ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டு, கணக்கு வழக்கோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்கு இதில் முதல் கடன் கிடையாது என்றார்கள். நன்றாக நடத்திக் காட்டிவிட்டு கேட்கலாம் என்று நான் நினைத்தது இந்தத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை. வாங்குகிறீர்களோ இல்லையோ, தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து எல்லாத் திட்டங்களையும் கேட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு வருடம் கல்யாண வீடுகளுக்குப் போவதையே தவிர்த்தேன். "எங்க வேலை பாக்கறீங்க" என்ற கேள்விக்குக் கம்பெனிப் பெயர் சொல்லிப் பழகிய வாய்க்குப் பதில் வரவில்லை. மகள்தான் அதை மாற்றினாள். பன்னிரண்டாம் வகுப்பு அட்மிஷன் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே "கேஜ் தயாரிப்பாளர்" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தப் படிவத்தின் நகல் ஷெட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இப்போது என்னோடு நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கிரைண்டிங் பெரியவர் 2022 முதல் எங்களோடு இருக்கிறார், அந்த வருடம்தான் பழைய சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்றை 2,60,000-க்கு, கையில் இருந்த பணத்தில் வாங்கினோம். பழைய சம்பளத்தை எட்ட எனக்கு நாலரை வருடம் ஆனது. வளையல் 2022 மார்ச்சிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

போன திங்கட்கிழமை பழைய கம்பெனியில் என் கீழே வேலை பார்த்த தம்பி ஒருவர் போன் செய்தார். அவருக்கும் அந்த இருபது நிமிடம் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டேன், இன்னும் இல்லை சார், நாளைக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன் என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு பிசினஸ் ஐடியா இருக்கிறது, பேசணும் என்றார். ஐடியாவை அப்புறம் பேசலாம், சனிக்கிழமை ஷெட்டுக்கு வாங்க, வரும்போது கடைசி ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ் தாள் மூன்றையும் எடுத்துக்கிட்டு வாங்க, முடிந்தால் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.